கரீம் பாய் டிஸ்க்குக்கு ஒரு பெட்டி

போன மாதம் என் பழைய லேப்டாப் உயிரை விட்டது. உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் நன்றாகத்தான் இருந்தது. அதை வெளியே எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க ஒரு பெட்டி வேண்டும் என்று ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் டிஸ்க்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். ரெண்டரை இஞ்சா, மூணரை இஞ்சா? கறுப்பா, நீலமா?

"ஆம்பியர் எவ்வளவு தாங்கும்?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி? குத்தினா ஓடும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆன்ட்டியாம்! இந்த மாதிரி ஒரு பெட்டிக்காக நான் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட காலத்தில் அவர் பிறந்திருக்கவே மாட்டார். இருந்தாலும் குத்தினேன், ஓடியது. வீட்டுக்கு வந்து எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இதைப் புலம்பியபோது, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும், "மேடம், அந்தக் கரீம் பாய் டிஸ்க் கதையை எழுதுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் எஸ்தர். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். செகந்திராபாத்தில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் எழுபத்து நான்கில் சேர்ந்தேன். முதல் எட்டு வருடம் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டியதுதான் வேலை. பிறகு கம்ப்யூட்டர்கள் வரத் தொடங்கியதும் அவற்றைப் பராமரிக்கும் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கே நான் ஒருத்திதான் பெண். வாய் கொஞ்சம் நீளம். "ஏட்டி, உன் வாய்க்கு ஒரு ஸ்விட்ச் வைக்கணும்" என்று அம்மா சொல்லுவாள். செக்‌ஷனில் அதை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் நினைத்தார்கள்.

எங்கள் மேலதிகாரி சேஷகிரி ராவ் சார். ஆந்திராக்காரர், மெட்ராஸில் படித்தவர். அவர் பேசும் தமிழ் எங்கள் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும். பியூனிலிருந்து எல்லாரையும் "நீங்க" என்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மறுபடி சொல்லுங்க" என்பார். இரண்டாவது முறை சொல்லும்போது நமக்கே நம் முட்டாள்தனம் புரிந்துவிடும். மூன்றாவது முறை சொல்லச் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் வைத்திருந்த வழக்கத்துக்கு நாங்கள் "மூணு வாய்" என்று பெயர் வைத்திருந்தோம். எந்தக் கருவிக்கும் முதல் தடவை கரண்ட் கொடுக்குமுன் மூன்று பேர் வேண்டும். ஒருவர் காகிதத்தைப் பார்த்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். இன்னொருவர் அந்த ஒயரில் விரலை வைத்து, அங்கே என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் பக்கம் நிற்கும் மூன்றாமவர் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காதால் மட்டும் கேட்டு "சரி" சொல்ல வேண்டும். அவர் ஒயரைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் பழக்கத்தில் சரி என்று சொல்லிவிடுமாம்.

இனி கரீம் பாய். ஸ்டோர்ஸில் சீனியர். வாணியம்பாடிக் குடும்பம், மூன்று தலைமுறையாக ஹைதராபாத். தமிழும் உருதுவும் கலந்து பேசுவார். இறக்குமதிச் சாமான் கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாக எந்த உள்ளூர்ச் சாமானைப் போடலாம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எந்த டிரான்சிஸ்டருக்கு எது மாற்று, எதைப் போட்டால் சூடாகும், எதைப் போட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வரும் என்று முப்பது வருடமாக அட்டைகளில் எழுதி வைத்திருந்தார். ஸ்டோர்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், ரிட்டயர் ஆவதற்குள் அந்த அட்டைகளை எல்லாம் அதில் ஏற்றிவிட வேண்டும் என்று உத்தரவு. டைப்பிங் தெரியாத மனிதர். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, இரண்டு வருடமாக அடித்துக்கொண்டிருந்தார். ஒரு டிராயர் அட்டை முடிந்ததும் அதைக் கழிவுக் காகிதத்தில் போட்டுவிடுவார்கள். இடம் வேண்டுமே!

அவர் டைப் அடிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிக்காத நாள் கிடையாது. அதிகம் சிரித்தது நான். "என்ன பாய், கோழி கொத்துதா?" என்பேன். "மீதி ஒன்பது விரலுக்கும் லீவா?" என்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஹவ்மா, கேஷுவல் லீவு" என்று ஆமாம் போட்டுவிட்டு அடுத்த எழுத்தைத் தேடுவார்.

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, ஜூன் மாதம் முதல் மழையோடு அவருடைய கம்ப்யூட்டர் போய்விட்டது. உள்ளே ஒரு பல்லி. பல்லியோடு சேர்ந்து பவர் சப்ளை, மதர்போர்டு, டிஸ்க்கை ஓட்டும் கன்ட்ரோலர் கார்டு எல்லாம் கருகியிருந்தன. டிஸ்க் மட்டும் பிழைத்தது. அதைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தேன். இப்போது கடையில் கிடைப்பதுபோலச் சட்டைப்பையில் போடுகிற டிஸ்க் இல்லை அது. செங்கல் கனம், இருபது மெகாபைட்.

பழுதுக்கு ஒரு ஃபாரம் உண்டு. அதில் 'கடைசி பேக்கப் எடுத்த தேதி' என்று ஒரு கட்டம். கரீம் பாயைக் கேட்டேன்.

"பேக்கப் எப்ப எடுத்தீங்க பாய்?"

"பர்ஸோதாம்மா எடுத்தேன்."

பர்ஸோ என்றால் இந்தியில் முந்தாநாள். காலண்டரைப் பார்த்து முந்தாநாள் தேதியை அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஹைதராபாத்தில் ஒரு வாரம் இருந்தவருக்குக்கூட நான் செய்த காரியம் புரிந்திருக்கும். இந்த ஊரில் பர்ஸோ என்றால் முந்தாநாள் இல்லை. போன வாரமும் பர்ஸோதான், போன வருடமும் பர்ஸோதான். "பர்ஸோ என் கல்யாணத்துக்கு வந்தீங்களே" என்று மூன்று பிள்ளை பெற்றவள் சொல்லுவாள். நானே அப்படித்தான் பேசுகிறவள். ஆனால் ஃபாரத்தைக் கண்டதும் மூளை இங்கிலீஷுக்கு மாறிவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வந்த புத்தியைப் பாருங்கள்!

தேதியைப் பார்த்த ராவ் சார், பேக்கப் இருப்பதால் டிஸ்க்கை அழித்துத் திட்டப் பிரிவுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதிவிட்டார். புதன்கிழமை காலை என் மேசைக் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை மாட்டி, அழிக்கிற கட்டளையைக் கொடுத்தேன். தொடங்கவா, வேண்டாமா என்று திரை கேட்டது. ஒரு எழுத்தை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது கரீம் பாய் இரண்டு ஃப்ளாப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எஸ்தர்மா, புது மிஷின் குடுத்தாங்க. இத அதுல ஏத்திக் குடு."

"மீதி எங்க பாய்?"

"மீதி இன்னா? இதான் பேக்கப்பு."

ஃப்ளாப்பியைத் திருப்பிப் பார்த்தேன். அவர் கையெழுத்தில் 'தசரா' என்று இருந்தது. போன வருடத் தசரா! விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்தேன். நெருப்பைத் தொட்டதுபோல எடுத்தேன். ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாய், அதுக்கப்புறம் எடுக்கவே இல்லையா?"

"ஃப்ளாப்பி தீந்துபோச்சு. இண்டென்ட் போட்டேன், வரல. கைக்குமா, ஏன் கேக்கற, என்னாச்சு?"

சொன்னேன். டிஸ்க் அழியவில்லை, ஆனால் என் கம்ப்யூட்டரால் அதைப் படிக்க முடியாது. தசராவுக்குப் பிறகு அவர் ஏற்றியதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி, டிரான்சிஸ்டர்களும் ஐ.சி.க்களும். அந்த அட்டைகள் எல்லாம் கூழாகிப் போய்விட்டன. ஆகஸ்ட் கடைசியில் அவர் ரிட்டயர் ஆகிறார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். "போனா போவுதும்மா, மறுபடி அடிப்பேன்" என்றார். எதைப் பார்த்து அடிப்பது? அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நேரே ராவ் சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னேன்.

"மறுபடி சொல்லுங்க."

"பர்ஸோன்னு சொன்னார் சார். நான் தேதியா எழுதிட்டேன்."

"நீங்க பர்ஸோன்னே எழுதியிருந்தா, எந்தப் பர்ஸோன்னு நான் கேட்டிருப்பேன். தேதி எழுதினா எதுக்குக் கேக்கப் போறேன்?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டிஸ்க் அழியலையே? அப்போ அதைப் படிக்க வழி பாருங்க."

வழி சுலபமில்லை. அந்தக் காலத்து டிஸ்க் எந்தக் கன்ட்ரோலர் கார்டால் எழுதப்பட்டதோ அந்த வகைக் கார்டுக்குத்தான் வாயைத் திறக்கும். என் மேசையில் இருந்தது வேறு கம்பெனிக் கார்டு; அதால் அழிக்க முடியும், படிக்க முடியாது. கருகிப்போன கார்டின் ஜோடி தொழிற்சாலை முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, டிசைன் பிரிவுக் கம்ப்யூட்டரில். அதற்குள் ஏற்கெனவே ஒரு டிஸ்க்; இன்னொன்றுக்கு இடமும் இல்லை, பவர் சப்ளைக்குத் தெம்பும் இல்லை. டிசைன்காரர்கள் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் தருவோம், உள்ளே எதையும் வைக்கக்கூடாது என்றார்கள். ஆக, பட்டை ஒயர்களைப் பின்பக்கமாக வெளியே இழுத்து, டிஸ்க்கை வெளியிலேயே தனிக் கரண்ட்டில் ஓட்ட வேண்டும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். கையில் மூன்று நாள்.

பெட்டி தேடும்போது மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார் ராவ் சார். "கரண்ட் எங்கிருந்து வருது, எர்த் எங்க சேருது, காத்து எப்படிப் போகுது? நிறம் கடைசிக் கேள்வி."

முதலில் ஒரு ஏஜென்ட் பெட்டி கொண்டுவந்தார். பிளாஸ்டிக்கில் பளபளவென்று அத்தனை அழகு! எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடி அதற்கு அகோரப் பசி; பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏஜென்ட் பெட்டி ஒன்றரைதான் கொடுக்கும் என்று அதன் அடியிலேயே எழுதியிருந்தது. "ஸ்டார்ட் ஆயிட்டா அப்புறம் ஓடும் மேடம்" என்றார். ஸ்டார்ட் ஆக வேண்டுமே ஐயா!

தச்சுப் பிரிவில் தேக்குப் பெட்டி செய்து தருகிறேன் என்றார்கள். மரத்தில் எர்த்தை எங்கே சேர்ப்பது? பூஜை சாமான் வைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு அவர்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கடைசியில், கழித்துப் போட்ட சாமான்கள் கிடக்கும் கொட்டகையில் ஒரு பழைய டேப் மிஷினின் இரும்புப் பெட்டி அகப்பட்டது. இரண்டு பேர் தூக்க வேண்டும். சொந்தமாக டிரான்ஸ்ஃபார்மர், பின்னால் ஃபேன், முன்னால் எலி கடித்த ஓட்டை. அதன் பவர் சப்ளையை நம்பி டிஸ்க்கை மாட்ட முடியாது. முதலில் வேறு எதையாவது மாட்டிச் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுக்கும் பொருள் என்ன என்று யோசித்தேன். எங்கள் வீட்டு ஸ்கூட்டரின் ஹெட்லைட் பல்பைக் கழற்றிக்கொண்டு போனேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் லோத்குண்டாவில் எங்கள் வீடு வரைக்கும் இருட்டில் தள்ளிக்கொண்டு வந்தது தனிக் கதை. அதை அவர் இன்றுவரை விடவில்லை.

பல்பு பிரகாசமாக எரிந்தது, பன்னிரண்டு இறங்கவில்லை. ஐந்து வோல்ட் மட்டும் ஐந்தரையைத் தொட்டது. அதைத் திருகி ஐந்துக்குக் கொண்டுவந்து, ஒரு பகல் முழுக்க எரியவிட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் உடம்பையும் இந்தப் பெட்டியின் உடம்பையும் விரல் கனச் செம்புப் பின்னலால் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு பாஷை பேசும்.

சனிக்கிழமை காலை. டிஸ்க்கைப் பெட்டிக்குள் தட்டையாகப் படுக்கவைத்துத் திருகினேன். 'இரண்டாவது டிஸ்க்' என்று சொல்லும் சின்ன இணைப்பை மாற்றிப் போட்டேன். மூணு வாய்க்கு நான் படித்தேன், ராவ் சார் விரல் வைத்தார், ஸ்விட்ச் பக்கம் கரீம் பாய். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பட்டை ஒயர், சிவப்புக் கோடு ஒண்ணாம் நம்பர் பக்கம்."

"ஒண்ணாம் நம்பர் பக்கம் சிவப்புக் கோடு."

"சரி" என்றார் கரீம் பாய். உதடு முணுமுணுத்தது. ஸ்விட்ச்சைப் போட்டார்.

டிஸ்க் ஊளையிட்டுக்கொண்டே வேகம் எடுத்தது. ஃபைல் பட்டியல் தட்டுத் தடுமாறி வந்தது. நான் கைதட்டினேன். டிசைன் கம்ப்யூட்டரின் டிஸ்க்குக்கு ஒவ்வொன்றாகக் காப்பி செய்தேன். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, பத்து வந்தது. பதினோராவதில் படிக்க முடியவில்லை என்று நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். கரீம் பாய் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஆத்திரம். ஒயரை ஆட்டப் போனேன். "தொடாதீங்க" என்றார் ராவ் சார். "எது வருது, எது வரலைன்னு முதல்ல எழுதுங்க."

எழுதினோம். வந்தவை எல்லாம் பழையவை. டிசம்பருக்குப் பிறகு அடித்தது ஒன்றுகூட வரவில்லை.

"கரீம் சாப், டிசம்பர்ல என்ன நடந்தது? ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் ஒண்ணும் மாத்தல சார். மேசையில எடம் இல்லன்னு மிஷினத் தூக்கி நெட்டுக்குத்தலா நிக்க வெச்சேன். அவ்ளோதான்."

ராவ் சார் எழுந்தேவிட்டார். அந்த வகை டிஸ்க்கில் படிக்கிற முள் தன் கனத்துக்கே இம்மியளவு சரியும். படுத்திருந்தபோது எழுதியதைப் படுத்துப் படிக்கும். நின்றுகொண்டு எழுதியதை நின்றால்தான் படிக்கும். டிசம்பர் முதல் பல்லி விழுந்த நாள்வரை கரீம் பாயின் டிஸ்க் நின்றுகொண்டே வேலை செய்திருக்கிறது!

"எந்தப் பக்கம் கீழே இருந்தது?" என்றேன்.

"ஸ்விட்ச் மேல வர்ற மாதிரிதாம்மா. குனிஞ்சா முட்டி வலிக்குது, அதான்."

கம்ப்யூட்டரின் ஸ்விட்ச் வலது பக்கம். ஆக, இடது பக்கம் கீழே. எல்லாவற்றையும் அணைத்து, அந்த இரும்புப் பூதத்தை மூன்று பேருமாகத் தூக்கி இடது பக்கமாகச் சாய்த்து நிறுத்தினோம். மறுபடி மூணு வாய். மறுபடி ஸ்விட்ச். அரைமணி சூடாகட்டும் என்றார் ராவ் சார்.

பதினோராவது ஃபைல் வந்தது. பன்னிரண்டாவது வந்தது. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கரீம் பாய் ஒவ்வொரு பெயரையும் சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்தி, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "ஏசி ஜாஸ்தி" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஏசியைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அழுதேன்.

காப்பி ஆன ஃபைல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். டிரான்சிஸ்டர் முடிந்தது, ஐ.சி. முடிந்தது. கடைசியில் ஒரு சின்ன ஃபைல். 'மஜாக்' என்று பெயர். மஜாக் என்றால் கேலி.

திறந்தால், ஆங்கில எழுத்தில் உருது. தேதி, பெயர், யார் என்ன சொன்னார்கள். இரண்டு வருடத்தில் அவர் டைப் அடிப்பதைப் பார்த்து யார் யார் எப்படிச் சிரித்தோம் என்ற பட்டியல். கேன்டீன் சூப்பர்வைசர் மூன்று முறை. ஸ்டோர்ஸ் கிளார்க் ஐந்து முறை. எஸ்தர், எஸ்தர், எஸ்தர். எண்ணினேன், பத்தொன்பது. கோழி இருந்தது. கேஷுவல் லீவு இருந்தது. நானே மறந்துபோனவை எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் அந்த ஒற்றை விரலால் தேடித்தேடி அடித்திருக்கிறார்.

காது மடல்வரை சூடேறிவிட்டது எனக்கு. அவமானமாக இருந்தது, சத்தியமாக. ராவ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. கரீம் பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் எழுதியதைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றேன். "இதையும் ஃப்ளாப்பியில போடணுமா?"

"ஹவ்மா."

"நக்கோ பாய், வேணாம். அழிச்சிடட்டுமா? இது ஸ்டோர்ஸ் சாமானா என்ன?"

"கைக்குமா அழிக்கணும்?" என்றார். நிஜமாகவே புரியாத முகம். "அதுவும் நான் அடிச்சதுதானே?"

போட்டேன். ஒரு பிரதி போதாது என்று இரண்டு பிரதி.